முகாமுக்கு வெளியே ஒரு சுவர்: சேர்ந்து வரைய ஒரு செய்முறை

இலங்கைத் தமிழர்களுக்கான முகாம்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 1983-இல் வரத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். 2021-இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, வீடுகளைக் கட்டித்தரவும் நிதி ஒதுக்கியது. ஆனால் ஓவியத் திட்டம் என்று முகாமுக்குப் போகிறவர்கள் உள்ளே இருக்கும் பாலர் பள்ளிச் சுவரைத்தான் முதலில் தேடுகிறார்கள். அந்தச் சுவரை முகாம்காரர்கள் மட்டுமே பார்ப்பார்கள். வாசலைத் தாண்டி ஊர்க்காரர் ஒருவர்கூட உள்ளே வரப்போவதில்லை.

இரு தரப்பும் சேர்ந்து வரைய வேண்டும் என்றால் சுவரை முகாமுக்கு வெளியே பிடியுங்கள். முகாம் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் அரசுப் பள்ளியின் மதில், இரு தரப்பும் பஸ் ஏறும் நிறுத்தம், ரேஷன் கடையின் பக்கச் சுவர் எதுவானாலும் சரி. இரண்டாவது, முகாமில் ஆண்கள் பலருக்குப் பெயிண்டிங்தான் பிழைப்பு. பத்து மாடிக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிப்பவருக்கு, பிரஷ் பிடிக்கப் பட்டறை வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவரே மேஸ்திரி. ஊரில் நடக்கும் பெயிண்டர் கூலியை நாள்தோறும் சாயங்காலம் கையில் கொடுங்கள். முகாமில் ஒரு குடும்பத் தலைவருக்கு அரசு தரும் பணக்கொடை 2021-இல் உயர்த்திய பிறகும் மாதம் 1,500 ரூபாய்தான். ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டுச் 'சேவைக்கு' வரச்சொல்வது அநியாயம். பங்களாதேஷின் காக்ஸ் பஜாரில் ஆர்ட்டொலூஷன் என்ற அமைப்பு ரோஹிங்கியா ஓவியர்களையே தயார்செய்து, அவர்கள் தலைமையில் சுவர்களை வரையவைக்கிறது. நம் முகாம்களில் அந்தக் கைகள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன.

அனுமதி வேலையை ஒரு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். பள்ளி மதில் என்றால் தலைமை ஆசிரியரின் எழுத்து, ஊராட்சிச் சுவர் என்றால் தீர்மானம், நெடுஞ்சாலை ஓரம் என்றால் அந்தத் துறையின் ஒப்புதல். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாய்மொழி அனுமதியை நம்பி வரைந்தால், அதிகாரி மாறியதும் படத்தின் மேல் வெள்ளையடித்துவிடலாம். முகாம் பக்கம் வட்டாட்சியர் அலுவலகம், வருவாய் ஆய்வாளர், முகாம் தலைவர் மூவருக்கும் தகவல் போக வேண்டும். பணக்கொடை கொடுக்கும் நாளிலும் ஆளெண்ணிக்கை எடுக்கும் நாளிலும் வேலை வைக்காதீர்கள். அன்று அவர்கள் முகாமில் இருந்தே ஆகவேண்டும்.

என்ன வரைவது என்று பேசும் கூட்டத்தில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. 'நீங்கள் எப்படி வந்தீர்கள்?' என்று கேட்டால் எல்லாத் தாளிலும் படகும் கடலும் வரும். கேட்பவர் எதிர்பார்ப்பது அதுதான் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியவர்களுக்கோ ஆறாத புண்ணைக் கிளறுவதாகிவிடும். முகாம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள், யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ பார்த்ததில்லை. 'உங்கள் வீட்டு வாசலில் என்ன இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற வழியில் என்ன இருக்கிறது' என்று ஊர்ப் பிள்ளைகளையும் முகாம் பிள்ளைகளையும் கலந்து உட்காரவைத்துக் கேளுங்கள். தண்ணீர்க் குடம், கிரிக்கெட் மட்டை, முருங்கை மரம், கோலம் என்று இரு தரப்புத் தாளிலும் ஒரே பொருட்கள் வரும். ராமநாதபுரம் பக்கம் என்றால் பனை கட்டாயம் வரும், அது இரு கரைக்கும் சொந்தமான மரம். தேசப் படம், கொடி, இயக்கச் சின்னம், தலைவர்கள் முகம் இவை வேண்டாம் என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வரைந்த பிறகு விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் முகாம்காரர்தான்.

இனி சுவர். 60 அடி நீளம், 8 அடி உயரம், மொத்தம் 480 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். கிராமத்து மதில்களில் வருஷக்கணக்காக அடித்த சுண்ணாம்பு அடை அடையாக இருக்கும். அதன் மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) அடித்தால் முதல் மழையிலேயே தோல் தோலாக உரியும். பட்டி பூசும் தகட்டாலும் கம்பி பிரஷ்ஷாலும் சிமெண்ட் தெரியும் வரை சுரண்டுங்கள். நான்கு பேருக்கு இரண்டு நாள் வேலை, இதில் அவசரப்படவே கூடாது. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளை ஒட்டினால் இன்னும் சுரண்ட வேண்டும். உப்பு பூத்திருந்தால் தண்ணீர் விடாமல் உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே இறங்கும். கடற்கரை ஊர்களில் தரையிலிருந்து ஓரடி வரை இந்தத் தொல்லை தீராது. அந்தப் பட்டையில் படம் வரையாமல் செங்காவி மட்டும் அடித்துவிட்டால் மழையில் தெறிக்கும் சேறும் தெரியாது, ஆண்டுக்கொரு முறை மறுபூச்சும் சுலபம். புதிதாகப் பூசிய சுவர் என்றால் 28 நாள் ஆறவிடுங்கள். அதற்கு முன் அடித்தால் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். விரிசலை அடைக்க வெள்ளை சிமெண்ட் பட்டி போதும், உள்சுவர்ப் பட்டி வெளியில் ஊறி உப்பிவிடும்.

வெளிப்புற பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஒரு கோட்டுக்கு 5 லிட்டர். மேலே வெளிர் நிறத்தில் எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 10 லிட்டர் வாளி ஒன்று. படத்துக்கு ஆறு நிறங்கள் ஒவ்வொரு லிட்டர், கறுப்பு ஒரு லிட்டர், கலக்க வெள்ளை 4 லிட்டர். வெள்ளையில் ஸ்டெயினர் (நிறம் சேர்க்கும் அடர்த்தியான சாயக் குழம்பு) ஊற்றியே எல்லா நிறமும் செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வெளிர் நிறங்கள்தான் வரும். அழுத்தமாக வேண்டும் என்று மேலும் மேலும் ஊற்றினால் பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கும், மழையில் நிறம் வடியும். அழுத்தமான நிறங்களைக் கடையில் மிஷினில் கலந்தே வாங்குங்கள். மேற்கு, தெற்கு பார்த்த சுவரில் ரோஸ், ஊதா, பளிச்சென்ற மஞ்சள் மூன்றும் சீக்கிரம் வெளுக்கும். காவி மஞ்சள், செங்காவி, நீலம், கறுப்பு இவை நின்று பிடிக்கும்.

படத்தைச் சுவருக்கு ஏற்ற, தாளில் ஓர் அங்குலக் கட்டம், சுவரில் ஓரடிக் கட்டம். புரொஜெக்டர் வசதிதான், ஆனால் இருட்டிய பிறகு முகாம் பெண்களும் பிள்ளைகளும் வெளியே நிற்க முடியாது. நூலில் வண்ணச் சாக்பீஸ் பொடி தடவி இருவர் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் சுண்டிவிட்டால் கோடு விழும். துணிக்குப் போடும் நீலத்தைப் பயன்படுத்தாதீர்கள், அது மேல்பூச்சையும் ஊடுருவி வெளியே தெரியும். கரித்துண்டும் பிரஷ்ஷில் கலந்து நிறத்தை அழுக்காக்கும். கோட்டுப்படம் முடிந்ததும் மேஸ்திரி ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் அதற்குரிய நிறத்தில் ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும். எழுத்து தெரியாத குழந்தைகூடப் பொட்டைப் பார்த்துத் தன் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளும். 'இங்கே என்ன கலர் அண்ணா?' என்ற கேள்வியே எழாது.

அறுபது அடிச் சுவரில் ஒரே நேரத்தில் 12 பேருக்கு மேல் நிற்க வேண்டாம். ஆளுக்கு ஐந்தடி. ஊர், முகாம் என்று மாற்றி மாற்றி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுவார்கள். காலை 7 முதல் 10 வரை, மாலை 4-க்கு மேல். வெயிலில் கொதிக்கும் சுவரில் பெயிண்ட் பிரஷ்ஷை விட்டு இறங்குமுன் காய்ந்து பின்னால் பொரியும். தெற்கு மாவட்டங்களில் பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். சாரத்திலோ ஸ்டூலிலோ 18 வயதுக்குக் கீழ் யாரும் ஏறக்கூடாது, நான்கடிக்கு மேல் எல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. ஓரக்கோடுகளைக் கடைசி நாள் பெயிண்டர்கள் மட்டும் இழுக்கட்டும். அந்தக் கோடுதான் நாற்பது பேர் கைவேலையை ஒரே படமாகச் சேர்க்கிறது.

மூலையில் 'அகதிகள் வரைந்தது' என்று எழுதாதீர்கள். சம்மதிப்பவர்கள் பெயரை மட்டும், ஊர்ப் பெயர்களோடு கலந்து எழுதுங்கள். முகம் தெரியும் படங்களை இணையத்தில் போடும் முன் ஒவ்வொருவரையும் கேளுங்கள். இலங்கையில் உறவினர் இருப்பதால் வேண்டாம் என்பவர்கள் உண்டு.

சுவர் முடிந்த வாரமே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரும். ஒட்டும் பையன்களை முன்பே பார்த்துப் பேசி, சுவரின் ஒரு முனையில் ஆறடியை வெறுமனே விட்டுக்கொடுங்கள். பெரும்பாலும் மீதியைத் தொடமாட்டார்கள். மேலே வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்பார்கள். ஈரம் ஏறும் சுவரில் வேண்டாம், உள்ளே ஈரம் சிக்கிப் படம் பால்போல் வெளுக்கும். ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டரை இறுக்கி மூடி, மூடியில் ஷேட் நம்பரை எழுதி, மேஸ்திரி வீட்டில் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து ஜனவரியில் ஒரு நாள் கூலி கொடுத்து ஒட்டுவேலை செய்ய, அந்தத் தொகையையும் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.