தோட்ட வேலைக்கு வண்டி: ஓப்பன் பாடியா, கண்டெய்னரா?

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணான். அண்ணா, தாம்பரம் பக்கம் ரெண்டு அபார்ட்மென்ட்ல லான் மெயின்டெனன்ஸ் கிடைச்சிருக்கு, இனிமே பைக்ல மிஷின கட்டிக்கிட்டு போக முடியாது, குட்டி யானை, அதான் டாடா ஏஸ் வண்டி, ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன், பின்னாடி மேல திறந்த ஓப்பன் பாடி எடுக்கட்டுமா, மூடின பெட்டி வச்ச கண்டெய்னர் எடுக்கட்டுமான்னு கேட்டான். ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம்னுதான் ஆரம்பிச்சேன், முக்கா மணி நேரம் ஓடிடுச்சு, அப்பவும் பாதிதான் சொல்லி முடிச்சிருந்தேன். அவன மாதிரி புதுசா இந்த தொழிலுக்கு வர்றவங்க நிறைய பேரு இருப்பாங்க, அதான் மொத்தத்தையும் இங்க எழுதுறேன்.

நான் 2014-ல இருந்து சென்னைல தோட்ட வேலை பண்றேன். அடையாறு, பெசன்ட் நகர்ல வீட்டுத் தோட்டம், கடற்கரை ரோடு ஈசிஆர்ல நீலாங்கரைல ஆரம்பிச்சு உத்தண்டி வரைக்கும் பங்களா, பழைய மகாபலிபுரம் ரோடு ஓஎம்ஆர்ல ரெண்டு மூணு கேட்டட் கம்யூனிட்டி. மொதல்ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஓப்பன் வண்டி, அப்புறம் கண்டெய்னர், இப்ப திரும்பவும் ஓப்பன். ரெண்டுலயும் மழை வெயில் ரெண்டும் பாத்துட்டுதான் சொல்றேன்.

இந்த விஷயத்த தேடினா அமெரிக்கா வீடியோதான் நிறைய வரும். அங்க பிக்கப் வண்டி பின்னாடி ட்ரெய்லர் மாட்டிப்பாங்க, ஒரு கும்பல் மூடின ட்ரெய்லர்தான் பெஸ்ட்னும் இன்னொரு கும்பல் திறந்த ட்ரெய்லர்தான் பெஸ்ட்னும் பேசுவாங்க. மூடினதுல எல்லா மிஷினுக்கும் உள்ளயே ஸ்டாண்டு, ராத்திரி பூட்டிட்டா அதுவே குடோன், சைடுல பெருசா கம்பெனி பேரு. திறந்தது விலை கம்மி, வெயிட்டு கம்மி, காத்து புடிக்காது, டீசல் மிச்சம். எல்லாம் சரியான பாயிண்டுதான், ஆனா அத அப்படியே நம்ம ஊருக்கு எடுத்துக்க முடியாது. அங்க நிறைய பேரு வெட்டின புல்ல மிஷின்லயே பொடியாக்கி லான்லயே விட்டுடுவாங்க, அது மக்கி உரமாயிடும், அதனால திரும்பி வர்றப்ப வண்டில பெருசா எதுவும் இருக்காது. நம்ம கஸ்டமர் கிட்ட புல்ல அப்படியே விட்டுட்டு வந்து பாருங்க, சாயங்காலமே போன் வரும், தம்பி குப்பைய யாரு அள்றதுன்னு. காலைல நாலு மிஷினோட போற வண்டி சாயங்காலம் புல்லு, வேப்ப இலை, தென்னை மட்டை, வெட்டின கிளைன்னு மலை மாதிரி ஏத்திட்டுதான் வருது. நான் எல்லார்கிட்டயும் மொதல்ல கேக்குறதும் இதான், போறப்ப என்ன ஏத்துவீங்கங்கறத விடுங்க, வர்றப்ப என்ன ஏத்துவீங்க?

என் மொத வண்டி ஓப்பன். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடிச்சுதே, அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் நாங்க லான் பக்கமே போகல, விழுந்த மரத்த அறுத்து அறுத்து ஏத்துறதுதான் வேலை. மூணு பக்க டோரையும் இறக்கி விட்டுட்டு எந்தப் பக்கத்துல இருந்து வேணா தூக்கிப் போடலாம், எட்டடி கிளைய சாய்ச்சு வச்சு கயிறு கட்டலாம். அந்த ரெண்டு மூணு வாரம் கண்டெய்னர் இருந்திருந்தா பாதி வேலை கூட எடுத்திருக்க முடியாது.

அப்புறம் ஏன் கண்டெய்னருக்கு மாறினேன்னா, திருட்டு. 2018-ல ஒரு நாள் திருவான்மியூர்ல டீ குடிக்க நிறுத்தினோம், மூணு பேரு, பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து பாத்தா தார்ப்பாய் ஒரு மூலைல மடங்கிக் கெடக்கு, உள்ள புல்லு புதர் வெட்டுற பிரஷ் கட்டர் மிஷின் இல்ல. 18,000 ரூபாய், வாங்கி நாலு மாசம் கூட ஆகல. கயிற அறுக்கக்கூட இல்ல, முடிச்ச அவுத்துட்டு எடுத்துட்டு போயிருக்காங்க. எங்க டீம்ல மூத்தவரு ஒருத்தரு இருக்காரு, நாங்க எல்லாரும் பெரியப்பான்னுதான் கூப்பிடுவோம், அன்னைக்கு முழுக்க அவரு சாப்பிடவே இல்ல, நான் வண்டிலயே உக்காந்திருக்கணும் தம்பின்னு சொல்லிட்டே இருந்தாரு. அடுத்த நாள் வேலைக்கு வாடகைக்கு மிஷின் எடுத்தோம், அந்த வாரம் கைல ஒண்ணும் நிக்கல. அந்தக் கோவத்துலயே ஓப்பன வித்துட்டு 2019-ல கண்டெய்னர் வண்டி எடுத்தேன்.

நல்லத மறைக்காம சொல்லணும்ல. கண்டெய்னர் எடுத்த மொத ஆறு மாசம் நிம்மதியா தூங்கினேன். ராத்திரி மிஷின இறக்கி வீட்டு மாடிக்கு தூக்க வேண்டியதில்ல, காலைல சாவி போட்டா கிளம்பிடலாம், அதுலயே தினம் அரை மணி நேரம் மிச்சம். உள்சுவத்துல ஆங்கிள் அடிச்சு வேலிச்செடி வெட்டுற ஹெட்ஜ் ட்ரிம்மர், இலைய ஊதித் தள்ளுற புளோயர், மண்வெட்டி எல்லாத்துக்கும் தனித்தனி இடம் வச்சோம், எது காணோம்னாலும் ஒரே பார்வைல தெரிஞ்சிடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழைல எதுவும் நனையல. சைடுல பேரும் நம்பரும் எழுதினதுல, சிக்னல்ல நிக்கிறப்ப பாத்துட்டு போன் பண்ணவங்களே ஏழெட்டு பேரு, அதுல ரெண்டு பேரு இன்னும் நம்ம கஸ்டமர்.

தொந்தரவு புல்லுல இருந்துதான் ஆரம்பிச்சுது. ஒரு நாள் அக்கரைல பெரிய கொரியன் புல் லான், மொத நாள் மழை பேஞ்சு ஈரம், வெட்டி மூட்டை கூட கட்டாம அப்படியே உள்ள கொட்டிட்டு, கொட்டுற எடத்துக்குப் போக லேட் ஆயிடுச்சுன்னு ராத்திரி வீட்டு வாசல்லயே நிறுத்திட்டேன். காலைல கதவ திறந்தா உள்ள இருந்து ஆவி வருது. புளிச்ச மாவுல சாணி கலந்த மாதிரி ஒரு வாடை. கைய குவியலுக்குள்ள விட்டேன், அஞ்சு விரக்கடை உள்ள போறதுக்குள்ள சூடு தாங்காம எடுத்துட்டேன். ஈரப்புல்ல குவிச்சு வச்சா உள்ள நுண்ணுயிர் வேலை செஞ்சு சூடேறும், உரக்குழில நடக்குறதுதான், அது நம்ம பெட்ரோல் கேன் பக்கத்துலயே நடந்துட்டு இருந்துது. அந்த வாடை ரெண்டு வாரம் போகல.

பெட்ரோல் விஷயத்த கொஞ்சம் கவனமா படிங்க. பிரஷ் கட்டருக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து கேன்ல வச்சிருப்போம், ஒரு சில மிஷினுக்கு அளவு மாறும். கத்திரி வெயில்ல மூடின தகரப் பெட்டிக்குள்ள அந்தக் கேன் ஊதி பந்து மாதிரி ஆயிடும். பெட்ரோல் ஆவி காத்த விட வெயிட்டு, மேல போகாது, தரையிலயே தங்கும். கண்டெய்னர்காரங்க காத்துக்குன்னு மேல ஒரு ஜன்னல் வச்சுக் குடுப்பாங்க, அது சூட்டத்தான் வெளிய விடும். கீழ தரைய ஒட்டியும் ஓட்டை வேணும். இது தெரியாமலே நான் ஒரு கோடை ஓட்டியிருக்கேன், மே மாசம் மத்தியானம் கதவ திறந்து ஏறின பையன் தலை சுத்துதுண்ணேன்னு பிளாட்பாரத்துல உக்காந்துட்டான். அன்னைக்கு கீழ நாலு மூலைலயும் ஓட்டை போட்டு வலை அடிச்சேன், கேன எப்பவும் நிழல்லதான் வைக்கிறது, ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு கதவையும் விரிய திறந்து அஞ்சு நிமிஷம் விட்டுத்தான் ஏறுறதுன்னு ஆக்கினேன். கண்டெய்னர் எடுக்கப் போறவங்க இத மட்டும் தயவு செஞ்சு மறக்காதீங்க, உங்க கூட வேலை செய்றவங்க உயிரு அது.

அடுத்தது உயரம். ஓஎம்ஆர்ல ஒரு அபார்ட்மென்ட்ல தோட்டத்துக்குப் போற வழியே பேஸ்மென்ட் வழியாத்தான், வாசல்ல 2.1 மீட்டர்னு போர்டு. கண்டெய்னர் அதுல நுழையாது, வண்டி ரோட்லயே நிக்கும், மிஷின தள்ளிட்டு போகணும், வெட்டின புல்ல மூட்டை மூட்டையா தோள்ல சுமந்து வரணும், அதுக்கே ஒரு ஆளு தனியா. பெசன்ட் நகர் தெருவுல மரம் நல்லா கவிஞ்சிருக்கும், பாக்க எவ்ளோ அழகு, கண்டெய்னர் மேல கிளை உரசுற சத்தம் கேட்டா மனசு பதறும்.

வெயிட்டும் இருக்கு. குட்டி யானைல கம்பெனி சொல்ற லோடு முக்கா டன் கிட்ட. கண்டெய்னரோட வெயிட்டும் அந்தக் கணக்குலதான் கழியும். எடை மேடைல ஏத்தி பாத்தேன், என் பழைய ஓப்பன் வண்டிய விட 200 கிலோவுக்கு மேல கூட காட்டுச்சு. மிஷின், மூணு ஆளோட சாமான், தண்ணி கேன் போக மிச்சம் எவ்ளோ செம்மண் ஏத்துறது? அதுவும் செம்மண்ணும் தொழு உரமும் கண்டெய்னருக்குள்ள போடுறது பெரிய கொடுமை, பின்பக்கம் மட்டும்தான் வழி, குனிஞ்சே உள்ள போய் கூடைல அள்ளணும், பெரியப்பா முதுகு புடிச்சுக்கிச்சுன்னு ரெண்டு நாள் வரல. அன்னைக்குத்தான் இந்த வண்டி நம்ம வேலைக்கு ஆகாதுன்னு முடிவு பண்ணேன்.

மேல் தகரத்த அறுத்து எடுத்துட்டு ஓப்பனா மாத்திடலாம்னு ஒரு பட்டறைல சொன்னாங்க. செய்யாதீங்க. ஆர்சில, அதான் வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட்ல, பாடி என்ன வகைன்னு எழுதியிருக்கும், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு படி ஆர்டிஓ அனுமதி இல்லாம அத மாத்தக்கூடாது. எஃப்சிக்கு, அதான் வண்டி ஓட்டத் தகுதியா இருக்கான்னு பாத்து சர்டிஃபிகேட் குடுக்குறதுக்கு, போறப்ப மாட்டும், ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல பிரச்சினை வரும். செகண்ட் ஹேண்ட் எடுக்குறவங்க ஆர்சில இருக்குறதும் கண்ணு முன்னாடி நிக்கிற வண்டியும் ஒண்ணுதானான்னு மொதல்ல பாருங்க, கமர்ஷியல் வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி, அதுக்கப்புறம் வருஷா வருஷம்.

2022-ல கண்டெய்னர வித்துட்டு மறுபடி ஓப்பன் எடுத்தேன், ஆனா இந்த தடவை கேபினுக்குப் பின்னாடி ஒட்டினாப்ல ஒரு இரும்புப் பெட்டி. அகலம் பாடி அகலமே, முன்னால இருந்து பின்னால ரெண்டடி ஆழம், உயரம் கேபின தாண்டாது. 16 கேஜ் தடிமன்ல இரும்பு ஷீட்டு, மூலைக்கு ஆங்கிள். போல்ட்டு போட்டுத்தான் மாட்டினோம், நட்டு எல்லாம் பெட்டிக்கு உள்பக்கம், பூட்டிட்டா வெளிய இருந்து யாரும் கழட்ட முடியாது. பூட்டு தொங்குற எடத்துக்கு மேல ஒரு தகரக் கூடு வச்சோம், கம்பிய விட்டு நெம்ப முடியாது. பிரஷ் கட்டர் ரெண்டு, ட்ரிம்மர், புளோயர், கை சாமான் எல்லாம் அதுக்குள்ள. லான் மூவர் மட்டும் வெளிய, அதுக்கு தரைல ஒரு வளையம் வெல்டு பண்ணி சங்கிலி போட்டு பூட்டு. பெட்ரோல் கேன் பெட்டிக்குள்ள வைக்கிறதே இல்ல, வெளிய மூலைல தனியா ஒரு கூண்டு, காத்தோட்டமா.

மிச்ச ஐந்தடி முழுக்க மண்ணுக்கும் குப்பைக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கம் பக்கம் ஒரு லான்ல சேறு படிஞ்சு புல்லே தெரியல, நாலு நாள் சேறு அள்ளினோம், வண்டிய கடைசில ஹோஸ் புடிச்சு அடிச்சா பத்து நிமிஷத்துல சுத்தம்.

குறை இருக்கு. தார்ப்பாய் தினமும் கட்டணும், சோம்பேறித்தனம் ஆகாது. ஒரு தடவை சரியா கட்டாம ஓஎம்ஆர்ல போறப்ப காஞ்ச புல்லு பறந்து பின்னாடி பைக்ல வந்த பொண்ணு கண்ணுல விழுந்துடுச்சு, ஓரமா நிறுத்தி தண்ணி குடுத்து கழுவ வச்சு மன்னிப்பு கேட்டோம், அதுக்கப்புறம் கட்டினத நானே ஒரு சுத்து சுத்தி பாக்காம வண்டிய எடுக்குறதில்ல. ஈசிஆர் உப்புக் காத்துல பாடி தரை துரு புடிக்குது, வருஷத்துக்கு ஒரு தடவை மழைக்கு முன்னாடி சுரண்டி துருவ தடுக்குற ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிக்கிறேன்.

எல்லாரும் ஓப்பன்தான் எடுக்கணும்னு சொல்ல மாட்டேன். குப்பைய அவங்களே உள்ளயே உரக்குழில போட்டுக்குற கேட்டட் கம்யூனிட்டி மட்டும் பாக்குறீங்க, மண்ணு வேலை கிடையாது, ராத்திரி வண்டி ரோட்லதான் நிக்கணும்னா கண்ண மூடிட்டு கண்டெய்னர் எடுங்க, காத்துக்கு கீழ ஓட்டை மட்டும் போட்டுக்கோங்க. தனி வீடு, மரம், மண்ணு எல்லாம் கலந்து பண்றவங்களுக்கு ஓப்பனும் பெட்டியும்தான்.

சித்தி பையனோட ரெண்டு அபார்ட்மென்ட்ல ஒண்ணுல உரக்குழி இருக்காம், இன்னொண்ணுல இல்லையாம். அந்த இன்னொண்ணுல குப்பை எங்க போகணும், கேட் உயரம் எவ்ளோன்னு செக்ரட்டரி கிட்ட கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வண்டி பாக்கப் போறோம், டேப் நான் எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்.