கொடி விழாத மாடும் மாலைக் காய்ச்சலும்

மாடு மாதம் நிறையும் முன்பே கன்றைப் போட்டுவிடும் கன்று வீச்சு நோயில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அப்போ பால் குடிக்கலாமா?” என்பதுதான். பொங்கக் காய்ச்சிய பாலைத் தாராளமாகக் குடிக்கலாம். இந்த நோயைத் தரும் புருசெல்லா கிருமி அந்தச் சூட்டைத் தாங்காது. நம் வீடுகளில் பச்சைப்பால் குடிப்பவர்கள் குறைவு. சீம்பாலைக்கூட அவித்துத்தான் தின்கிறோம். ஆனாலும் நாமக்கல், ஈரோடு பக்கம் மாடுகளுக்கு ரத்தம் எடுத்துத் திரிந்த ஆண்டுகளில், கட்டுத்தரையில் வேலை செய்கிறவர்களை இந்த நோய் தேடிப் பிடிப்பதைப் பார்த்தேன். சாணி அள்ளுபவர், கன்று இழுப்பவர், நஞ்சுக்கொடி எடுப்பவர். பெரும்பாலும் பெண்கள். தடுப்பு வேலை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏழாம், எட்டாம் மாதச் சினையில் மாடு கன்று வீசிவிடும். நஞ்சுக்கொடி தானாக விழாமல் தொங்கும். வீட்டுக்காரம்மா முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு வெறுங்கையால் அதை இழுத்தெடுப்பார். செத்த கன்று பள்ளத்துக்குப் போகும். ராத்திரி நாய்கள் அதை ஊருக்குள் இழுத்து வரும். கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். ஆல் பால்மரம், அதில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. கன்று வீசிய மாட்டின் கொடியில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கை விரலில் ஒரு கீறல் போதும். இன்னொரு சங்கடம், ஒருமுறை வீசிய மாடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் நல்லபடியாகவே கன்று போடும். நோய் போய்விட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்த ஈற்றிலும் கொடியில், பாலில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கலாம்.

ஓர் அம்மாவிடம் மாட்டைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “பொழுது சாஞ்சா காய்ச்சல் வருதுங்க டாக்டரம்மா. ராத்திரி வேர்த்து ஊத்திட்டு விட்டுருது. இடுப்பெல்லாம் கழண்டு போற மாதிரி நோவுங்க.” டைபாய்டு என்று இரண்டு தடவை மாத்திரை சாப்பிட்டிருந்தார். மாடு எப்போது கன்று வீசியது என்று கேட்டேன். “அது ஆச்சுங்க ரெண்டு மாசம். அதுக்கும் இதுக்கும் என்னங்க?”

இதே கேள்வியில் மருத்துவ உலகமே வெகுகாலம் நின்றது. மால்டா தீவில் காய்ச்சலில் இறந்த ராணுவ வீரர்களின் மண்ணீரலில் 1887இல் டேவிட் புரூஸ் ஒரு கிருமியைக் கண்டார். 1897இல் டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங், மாடுகள் கன்று வீசுவதற்கான கிருமியைக் கண்டார். இரண்டும் நெருங்கிய உறவு என்று 1918இல் எழுதியவர் அமெரிக்காவின் ஆலிஸ் எவன்ஸ். முனைவர் பட்டம் இல்லாத ஒரு பெண்ணின் பேச்சைப் பலர் ஏற்கவில்லை. 1922இல் ஆய்வுக்கூடத்திலேயே அவருக்கு அந்த நோய் தொற்றி, பல ஆண்டுகள் விட்டுவிட்டு வாட்டியது. என் மேசையில் யார் படமாவது வைக்கச் சொன்னால் அவர் படத்தைத்தான் வைப்பேன்.

மாட்டின் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் ரோஸ் பெங்கால் சோதனை எளிது. கண்ணாடித் தட்டில் ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரம் ஒரு சொட்டு, பக்கத்தில் செத்த புருசெல்லா கிருமிக்குச் சாயமேற்றிய இளஞ்சிவப்பு ஆன்டிஜன் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கி நாலு நிமிடம் தட்டை ஆட்ட வேண்டும். சொட்டு அப்படியே வழவழப்பாக இருந்தால் நல்லது. குருணை குருணையாகத் திரண்டால் கவலை.

கவலை அங்கே முடிவதில்லை. திரண்ட செய்தியை வீட்டில் சொன்னால், அடுத்த சந்தைக்கே அந்த மாடு போய்விடும். நோய் இன்னொரு கட்டுத்தரைக்கு மாறும். சொல்லாமல் விட்டால், மறுபடியும் அதே கை அதே கொடியை எடுக்கும். நோய் கண்ட மாடுகளைக் கழித்துத்தான் பல நாடுகள் இதை ஒழித்தன. பசுவை அறுப்பது இங்கே நடக்காது. ஒரு மாட்டுப் பால் பணத்தில் குடும்பம் நடத்துகிறவரிடம் இழப்பீடு இல்லாமல் அதைக் கேட்கவும் எனக்கு வாய் வராது. சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் நான் நிற்கிறேன். அவர் மாட்டில் ரத்தம் எடுத்து நாம் கட்டுரை எழுதுகிறோம். முடிவு அவருக்குப் போய்ச் சேராவிட்டால் அது அநியாயம். என்ன நோய், ஈற்றுக்கு முன்னால் மாட்டை எப்படித் தனியே கட்டுவது, கையுறை, செத்த கன்றையும் கொடியையும் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க ஆழக் குழி, எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசிச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி இருக்கிறது. நாலிலிருந்து எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்கு எஸ்-19 என்ற ஊசி, ஆயுளுக்கு ஒரே முறை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரியோடு இதையும் சேர்த்தார்கள். உயிருள்ள கிருமியில் செய்த ஊசி. போடுகிறவர் கையில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம். அதனால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் எங்கள் ஆட்களை நான் அனுப்புவதில்லை.

அந்த அம்மாவுக்கு மாட்டின் முடிவை ஒரு தாளில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். ரத்தச் சோதனையில் அவருக்கும் அதே நோய் என்று தெரிந்தது. டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம் சாப்பிட்டார், காய்ச்சல் நின்றது. மாட்டை விற்கவில்லை. எங்கள் படிவத்தில் இப்போது “கொடியை எடுத்தவர் யார், அவருக்குக் காய்ச்சல் உண்டா?” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். மாட்டுத்தீவனம் விற்கும் பால் சொசைட்டிகள் நீளக் கையுறையையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று போகிற கூட்டத்திலெல்லாம் கேட்டு வருகிறேன்.