கேழ்வரகுக் கூழ்: மாவு புளிக்கணும், கூழ் ஊறணும்

கேழ்வரகு மாவைக் கரைத்து அடுப்பில் வைத்து, மோர் ஊற்றி, அரைமணி நேரத்தில் கூழ் என்று கொடுத்துவிடுகிறார்கள். அது கஞ்சி. நல்ல கஞ்சிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கூழ் என்றால் இரண்டு தடவை ஊற வேண்டும்: மாவாக ஒரு தடவை, வெந்த பிறகு ஒரு தடவை. வடமாவட்டத்து வீடுகளில் பாட்டிமார் கையில் குடித்த கூழின் ருசி அந்த ஊறலில்தான் இருந்தது. கைப்பிடி மாவும் கொஞ்சம் அரிசி நொய்யும் இருந்தால் ஒரு குடும்பமே பசியாறிய சாப்பாடு அது.

முதலில் மாவு. கடை மாவைவிட, தானியமாக வாங்கி அரைப்பது மேல். கேழ்வரகில் மண்ணும் பொடிக்கல்லும் அதிகம். தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை கழுவி, அரித்து, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் மாவு பூஞ்சை பிடிக்கும். மில்லில் மிளகாய்த்தூள் அரைத்த கையோடு போட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; அந்தக் காரம் கூழில் தெரியும். அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி தட்டும். பேப்பரில் பரப்பி ஆறவிட்டு எடுத்து வையுங்கள். சலித்துத் தவிட்டை எடுக்க வேண்டாம். கேழ்வரகின் சத்தில் நிறைய அந்தத் தோலோடு இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துள்ள தானியம் இது.

ஐந்தாறு பேருக்கு 2 டம்ளர் மாவு, 3 டம்ளர் தண்ணீர். மாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டியில்லாமல் கையால் கரைத்து, மண்சட்டியில் மூடி வையுங்கள். உப்பு இப்போது போடக்கூடாது, புளிப்பு ஏறத் தாமதமாகும். சித்திரை வெயிலில் காலையில் கரைத்தால் மாலைக்குள் புளித்துவிடும். மார்கழியில் ஒரு ராத்திரி முழுக்க வேண்டும், சில நாள் அதற்கு மேலும். மேலே தண்ணீர் தெளிந்து, சின்னச் சின்னக் குமிழி வந்து, இட்லி மாவு மாதிரி இதமான புளிப்பு வாசனை அடித்தால் பதம். மேலே ரோஸ் நிறமோ பஞ்சு மாதிரியோ படிந்திருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்க வைக்கவே கூடாது.

காய்ச்சும்போது அரை டம்ளர் நொய்யை 4 டம்ளர் தண்ணீரில் போட்டு, விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவிடுங்கள். நொய் அரைவேக்காடாக இருந்தால் பிறகு வேகாது. மாவு சேர்ந்ததும் கூழ் இறுகிவிடும், நொய்க்குத் தண்ணீர் எட்டாது. வெந்ததும் தணலைக் குறைத்து, புளித்த மாவை அடியோடு கலக்கி, ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துடுப்பால் கிண்டுங்கள். தளதளவென்று கொதிக்கிற உலையில் மொத்தமாகக் கொட்டினால், மாவின் மேல்தோல் உடனே வெந்து உள்ளே பச்சை மாவோடு கட்டி விழும். அந்தக் கட்டியை அப்புறம் எதனாலும் கரைக்க முடியாது.

இறுக ஆரம்பித்ததும் 'தொப் தொப்' என்று தெறிக்கும். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், நீளக் காம்புத் துடுப்பே பத்திரம். சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம், அடி தட்டாமல் கிண்டுங்கள். வெளிறிய நிறம் போய் கரும்பழுப்பாகி, மேலே பளபளப்பு வரும். கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. அதன்பிறகும் மூடி 5 நிமிடம் தணலில் விட்டு இறக்கலாம். வேகாத கூழ் வயிற்றைப் பிடிக்கும்.

ஆறியதும் ஈரக்கையால் உருண்டை பிடித்து, மூழ்கும் அளவு தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். தண்ணீர் இல்லாமல் வைத்தால் மேலே ஏடு கட்டிக் காய்ந்து, காலையில் திப்பி திப்பியாக வாயில் தட்டும்.

காலையில் கரைப்பதற்குக் கைதான் சரி. உருண்டையை உள்ளங்கையில் வைத்து, அந்த ஊறல் தண்ணீரையே விட்டுப் பிசையும்போது முதலில் வழுக்கும், பிறகு விரலிடுக்கில் மாவு தனியாகவும் நொய் தனியாகவும் நழுவும். நொய் முழுதாகத் தட்டுப்படுகிற அந்த நிலையில் நிறுத்த வேண்டும். மிக்ஸியில் ஓட்டினால் பசை மாதிரி ஆகிவிடும். உப்பையும் மோரையும் குடிக்கும் நேரத்தில் சேர்த்தால் போதும். காட்டு வேலைக்குத் தூக்குவாளியில் கொண்டு போகிறவர்களுக்குக் கெட்டியாக, குழந்தைகளுக்கு நீர்க்க.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரை வற்றல், சுட்ட கருவாடு, மாங்காய்த் துண்டு எதுவும் சரிதான். ஒன்றும் இல்லாவிட்டால் சின்ன வெங்காயத்தை நறுக்காமல் கடித்துக்கொள்ளுங்கள். நறுக்கி வைத்த வெங்காயத்துக்கு அந்தச் சுருக் இல்லை.

மிஞ்சிய கூழ் உருண்டை மறுநாள் காலைவரை தாங்கும், ஊறல் தண்ணீரை மட்டும் மாற்றிவிடுங்கள். சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்த்தால் போதும். சட்டியில் லேசாகப் புளிப்பு வாசனை தங்கும். அடுத்த தடவை மாவு சீக்கிரம் புளிக்க அது உதவும்.