கிளினிக்கின் பேக்கப்பைத் திறந்து பார்த்தோம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஆறு கடைத்தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. அக்காவின் கிளினிக்கில் தண்ணீர் மேசைக்கால் பாதி வரை ஏறி நின்று வடிந்தது. சர்வர் கணினி மேசைமேல் இருந்ததால் தப்பித்தது. அதே வரிசையில் மருந்துக்கடை வைத்திருப்பவரின் கணினி தரையில் இருந்தது. அவருடைய கொள்முதல், கடன் கணக்கு எல்லாமே சேற்றோடு போயிற்று.

அக்கா பொது மருத்துவர். கிளினிக் நிர்வாகம் என் பொறுப்பு. நான் படித்தது வணிகவியல். கணினி எனக்குத் தொழில் அல்ல. சேறு அள்ளி முடித்து மின்சாரம் வந்ததும் அக்கா கேட்டார்: "தம்பி, இந்தப் பெட்டி போயிருந்தால் நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கும்?" அதற்கு விடை தேடப் போய் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன். ஒரு மருத்துவர், ஒரு சர்வர், வரவேற்பு மேசையில் ஒருவர் என்று நடக்கும் கிளினிக்குகள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பது என் ஆசை.

எங்களிடம் இருப்பது உள்ளூர் நிறுவனம் ஒன்று எழுதித் தந்த மென்பொருள். அதன் அடியில் தரவுத்தளமாக, அதாவது பதிவுகளை எல்லாம் அடுக்கி வைக்கும் கிடங்காக, ஓடுவது மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் 2019. இலவசப் பதிப்பு என்பதால் சிறிய கிளினிக்குகளுக்குப் பெரும்பாலும் இதையே போட்டுக் கொடுக்கிறார்கள். இலவசத்துக்கு எல்லைகள் உண்டு. ஒரு தரவுத்தளம் 10 ஜி.பி.க்கு மேல் வளர முடியாது. அதைவிட முக்கியமானது, குறித்த நேரத்தில் தானாக பேக்கப் எடுக்கும் 'ஏஜென்ட்' என்ற பகுதி இந்தப் பதிப்பில் இல்லை. அந்த வேலையை, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

செய்துதான் வைத்திருந்தார்கள். 'டி' டிரைவில் பேக்கப் என்ற ஃபோல்டர் இருந்தது. தேதி போட்ட கோப்புகளும் இருந்தன. ஆனால் 'சி'யும் 'டி'யும் ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு பாகங்கள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். அடுத்து, கோப்புகளின் தேதிகள் விட்டுவிட்டு இருந்தன. பேக்கப் எடுக்கக் குறித்திருந்த நேரம் அதிகாலை 2 மணி. எங்கள் கிளினிக்கில் இரவு ஓ.பி. முடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் பூட்டுவோம். யாராவது அணைக்க மறந்த நாளுக்கு மட்டும் பேக்கப் இருந்தது. மருத்துவமனைக்குப் பொருந்தும் நேரம் கிளினிக்குக்குப் பொருந்தாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. இப்போது மதியம் 2 மணிக்கு ஒரு பேக்கப் தானாக எடுக்கிறது. காலை ஓ.பி. முடிந்து மாலை ஓ.பி. தொடங்கும் வரை கணினி சும்மா இருக்கும் நேரம் அது. இரவு மூடும்போது வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு ஐகானை அழுத்தி இன்னொன்று எடுக்கிறார்.

அடுத்த கேள்வியும் அக்காவுடையதுதான். "ஈ.சி.ஜி. படமெல்லாம் இதற்குள் இருக்கிறதா?" இல்லை. தரவுத்தளத்துக்குள் இருப்பது பெயர், வயது, நோய்க்குறிப்பு, மருந்துச்சீட்டு, பில். ஸ்கேன் செய்து ஏற்றிய ஈ.சி.ஜி., ஆய்வக அறிக்கை, வேறு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவை தனி ஃபோல்டரில் இருக்கின்றன. தரவுத்தளத்தில் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பாதை மட்டும்தான். படங்களை வெளியே வைப்பது சரியான ஏற்பாடு. உள்ளே வைத்தால் 10 ஜி.பி. சீக்கிரம் நிரம்பிவிடும். ஆனால் அந்த ஃபோல்டரை யாரும் நகலெடுக்கவே இல்லை. சர்வர் போயிருந்தால் "ஈ.சி.ஜி. இணைக்கப்பட்டுள்ளது" என்ற வரி இருந்திருக்கும், ஈ.சி.ஜி. இருந்திருக்காது. நெஞ்சுவலி என்று வருகிறவரின் பழைய ஈ.சி.ஜி.யைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது மருத்துவர்களுக்குத் தெரியும்.

நகல்களை எங்கே வைப்பது என்பதில் நாங்கள் கடைப்பிடிப்பது பலருக்கும் தெரிந்த 3-2-1 முறை. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க் வாங்கி ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை நாடா ஒட்டினோம். ஒன்று கிளினிக்கில் இருந்தால் மற்றது அக்கா வீட்டு மாடியில். சனிக்கிழமை இரவு மாற்றிக்கொள்கிறோம். வீடும் கிளினிக்கும் ஒரே ஊரில் இருப்பதால், வெள்ளம் வந்தால் இரண்டுக்கும் ஆபத்து. அதனால் ஒரு பிரதி பூட்டிய கோப்பாக இணையச் சேமிப்புக்கும் போகிறது.

டிஸ்கை எப்போதும் சர்வரிலேயே செருகி வைக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களுக்குள் கோப்புகளைப் பூட்டிவிடும் தீநிரல் புகுந்தது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பதிவு, ஆய்வக முடிவு என்று எல்லாம் பல நாள்கள் காகிதத்துக்குத் திரும்பின. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் தரவை மீட்க முடிந்தது. அத்தனை பெரிய நிறுவனத்தையே அது காப்பாற்றியது. செருகியபடியே இருக்கும் டிஸ்கையும் அந்தத் தீநிரல் சேர்த்தே பூட்டிவிடும்.

நேராக யு.எஸ்.பி. டிஸ்கிலேயே பேக்கப் எடுக்க முயன்றபோது அனுமதி இல்லை என்ற பிழைச்செய்தி வந்தது. கோப்பை எழுதுவது நாம் உள்ளே நுழைந்திருக்கும் பயனர் அல்ல, எஸ்.கியூ.எல். சர்வர் சேவை தனக்கென வைத்திருக்கும் கணக்கு. அதற்கு அந்த டிஸ்கில் எழுத உரிமை இல்லை. முதலில் உள் டிஸ்கில் எடுத்து, பிறகு நகலெடுப்பது எளிய வழி. எக்ஸ்பிரஸ் பதிப்பில் பேக்கப்பைப் பூட்டிட்டுச் சேமிக்கும் வசதியும் இல்லை. ஆகவே இரண்டு டிஸ்குகளையும் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருக்கிறோம். மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் அச்சடித்து, உறையிலிட்டு ஒட்டி, அக்காவின் வங்கி லாக்கரில் வைத்திருக்கிறோம். ஒரு டிஸ்க் பஸ்ஸில் தவறிப் போனாலும் ஊராருடைய நோய்விவரம் யார் கையிலும் சிக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதை நம் பொறுப்பாகவே சொல்கிறது. எங்களுக்கு அதைவிட, அந்த ஊரார் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும்.

இனி, இந்த வேலையில் அதிகம் கற்றுக்கொடுத்த பகுதிக்கு வருகிறேன். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது.

வீட்டில் இருந்த பழைய லேப்டாப்பில் ஏற்கெனவே எஸ்.கியூ.எல். சர்வர் 2014 இருந்தது. அதில் மீட்க முயன்றதும் மறுத்துவிட்டது. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. பழையதைப் புதியதில் திறக்கலாம். 2019ஐ நிறுவிய பிறகு தரவு ஏறியது, ஆனால் மென்பொருள் உள்ளே விடவில்லை. பயனர் பெயர் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. அவர் நுழைவதற்கான கணக்கோ சர்வரின் தனித் தரவுத்தளமான 'மாஸ்ட'ரில் இருக்கிறது. அது எங்கள் பேக்கப்பில் வராது. நுழைவுக் கணக்கைப் புதிதாக உருவாக்கிப் பழைய பயனரோடு இணைக்க வேண்டும். ஒரே ஒரு கட்டளைதான். ஆனால் வெளியே நோயாளிகள் காத்திருக்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அதன்பின், மென்பொருளின் உரிமம் அந்த ஒரு சர்வர் கணினியோடு கட்டப்பட்டது என்று இன்னொரு தடை. நிறுவனத்தாரோடு பேசி, தற்காலிக உரிமம் வாங்கித்தான் திறந்தோம்.

திறந்ததும் சிஸ்டரும் நானும் காகிதக் கேஸ் ஷீட்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். முந்தைய இரவு கடைசியாக வந்தவரின் பில் இருக்கிறதா? ஸ்கேன் படம் திறக்கிறதா? பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவரின் பக்கத்தில் அந்த எச்சரிக்கை நிற்கிறதா? எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. ஆனால் மருந்துச்சீட்டில் "சாப்பாட்டுக்கு முன்" என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றன. பேக்கப் கெட்டுவிட்டது என்று பயந்து கிளினிக்கின் சர்வரைப் பார்த்தால் அங்கேயும் அதே கேள்விக்குறிகள்.

காரணம் இதுதான். எழுத்துகளைச் சேமிக்கும் கட்டங்களை 'வார்கேர்' என்றும் அமைக்கலாம், 'என்வார்கேர்' என்றும் அமைக்கலாம். வழக்கமான அமைப்பில் தமிழை வைத்துக்கொள்ளக் கூடியது இரண்டாவதுதான். முதலாவதில் தமிழைப் போட்டால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகி, மூலம் அங்கேயே அழிந்துவிடும். எந்த வித்தையாலும் திரும்ப வராது. சிஸ்டர் தமிழில் தட்டச்சு செய்வார், திரையில் தமிழ் தெரியும், அச்சிலும் சரியாக வரும். சேமிப்பில் மட்டும் பாழாகிக்கொண்டிருந்தது. நோயாளியின் கையில் சரியான சீட்டு போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நிறுவனத்தார் கட்டத்தையும் மென்பொருளையும் திருத்தித் தந்தார்கள். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு என்று தொடர்ந்து மருந்து எடுப்பவர்களுடைய பழைய குறிப்புகளை அவர்கள் கொண்டுவந்த சீட்டுகளைப் பார்த்துச் சிஸ்டர் மறுபடி ஏற்றினார். உங்கள் மென்பொருளில் தமிழ் இருந்தால் இன்றே ஒரு பழைய பதிவைத் திறந்து பாருங்கள்.

சரிபார்க்கும்போது கண்ணில் பட்ட இன்னொன்று இரட்டைப் பதிவுகள். இசக்கியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் 'ஐ' (I) எழுத்தில் தொடங்கி ஒருமுறை, 'இ' (E) எழுத்தில் தொடங்கி ஒருமுறை, இரட்டை 'எஸ்' போட்டு ஒருமுறை என்று பதிந்திருந்தார்கள். மூன்றும் ஒரே ஆள். அதில் ஒரு பதிவில் மட்டும் பென்சிலின் ஒவ்வாமை இருந்தது. மற்ற இரண்டில் எதையாவது திறந்து மருந்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே நடுங்குகிறது. அதற்காக ஒரே பெயர், ஒரே தெரு என்பதை வைத்து இணைத்துவிடவும் முடியாது. எங்கள் பக்கம் ஒரே தெருவில் நான்கு பேச்சிமுத்து இருப்பார்கள். கைபேசி எண்ணும் துணைக்கு வராது. ஒரு வீட்டில் எல்லோருக்கும் மகனுடைய எண்தான். அக்கா ஒரு விதி வைத்தார். பட்டியல் தயாரிப்பது வரவேற்பு மேசை, இணைக்கலாமா என்று முடிவு செய்வது மருத்துவர், அதுவும் நோயாளி நேரில் வரும்போது கேட்டுவிட்டு. பழைய பதிவை அழிப்பதில்லை. 'இன்ன எண்ணைப் பார்க்கவும்' என்று குறித்து வைக்கிறோம். இரண்டில் ஒன்றில் ஒவ்வாமை இருந்தாலும் இணைத்த பதிவில் அது இருந்தாக வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த ஆண்டு, தமிழில் பெயர் மூன்றையும் கேட்டு வாங்குகிறோம். வரிசை கொஞ்சம் மெதுவாக நகர்கிறது, பரவாயில்லை.

மற்ற பராமரிப்பு வேலைகள் சின்னவை. டிரான்சாக்‌ஷன் லாக் கோப்பு (ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் கோப்பு) தரவைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. 'ஃபுல்' என்ற மீட்பு முறையில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் அப்படித்தான் ஆகும். எங்கள் அளவுக்கு 'சிம்பிள்' போதும் என்று மாற்றினோம். மாதம் ஒருமுறை டி.பி.சி.சி. செக்டி.பி. கட்டளையை ஓட்டித் தரவுத்தளத்தில் சேதம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இது அவசியம்; யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிப்பதும் அன்றைக்கே.

பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று கேட்கிறார்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று ஆண்டு என்பது சட்டத்தின் கணக்கு. சர்க்கரை நோயாளியின் கணக்கு வேறு. பத்து ஆண்டுக்கு முன் கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது என்பது இன்றைக்கு அவருடைய சிறுநீரகத்தைப் பற்றிப் பேசும். நாங்கள் எதையும் அழிப்பதில்லை.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தபோது இரண்டு ஷரத்துகளைச் சேர்க்கச் சொன்னோம். சர்வர் பழுதானால் அன்றைக்கே மாற்றுக் கணினிக்குத் தற்காலிக உரிமம் தர வேண்டும். ஒப்பந்தம் எப்போது முடிந்தாலும் நோயாளிகளின் தரவு முழுவதையும், படங்களோடு, வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும். முதலாவதற்கு உடனே சம்மதித்தார்கள். இரண்டாவதை எழுத்தில் வாங்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. அது கைக்கு வந்த பிறகே அக்கா காசோலையில் கையெழுத்துப் போட்டார்.