பட்டின் பின்புறத்திலும் ஒரு சேவல்

ஜப்பானியத் தொங்கு சுருள்களில் வரையப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் தேடித் தேடிப் பார்த்து வரும் எனக்கு, கண் கடைசியில் போய் நிலைப்பது என்னவோ இத்தோ ஜாகுச்சூவின் சேவல்களில்தான். 1716-இல் கியோத்தோவின் நிஷிகி கடைத்தெருவில் காய்கறி மொத்த வணிகக் குடும்பத்தில் பிறந்த இவர், 40 வயதில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேரமும் ஓவியத்தில் இறங்கினார். வீட்டு முற்றத்தில் கோழிகளை வளர்த்து, அவை நிற்பதையும் கொத்துவதையும் நாள்தோறும் உற்றுப் பார்த்து வரைந்தார் என்று அவருடைய நண்பரான துறவி தைதென் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பழக்கத்தின் முதிர்ந்த விளைச்சல், 1757 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உழைத்து அவர் முடித்த 30 பட்டுச் சுருள்கள். அவற்றுள் ஒன்றில் 13 கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றின் இறகு எங்கே முடிந்து மற்றொன்றின் இறகு எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். ஆனால் சிவந்த கொண்டைகளை மட்டும் நெருங்கிப் பார்த்தால், அவற்றின் சொரசொரப்பு முழுவதும் நுண்ணிய புள்ளிகளாலேயே ஆனது என்பது தெரியும். அலங்காரத்துக்காக மட்டும் ஒருவர் இவ்வளவு பாடுபடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சுருள்களின் உண்மையான நுட்பம் பின்புறத்தில் இருக்கிறது. இழைகளுக்கிடையே ஒளி புகும் மெல்லிய பட்டு என்பதால், முன்பக்கம் தீட்டுவதோடு நில்லாமல், பின்பக்கத்திலும் வண்ணம் பூசி, அது இழைகளின் ஊடாக மென்மையாகக் கசிந்து தெரியும்படி செய்வார்கள். பழைய மரபுதான் என்றாலும், ஜாகுச்சூவிடம் அது உச்சத்தைத் தொட்டது. பைன் மரத்தில் அமர்ந்திருக்கும் வெள்ளைப் பீனிக்ஸ் பறவையின் இறகுகள் பொன்னாக மின்னுவதைக் கண்டு தங்கம் தீட்டியிருக்கிறார் என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் சுருள்களைப் பழுதுபார்த்தபோது நடந்த ஆய்வில் அங்கே தங்கம் தென்படவில்லை. முன்புறம் சிப்பியை அரைத்துச் செய்த வெள்ளையால் கோடுகள், பின்புறம் மஞ்சள் காவி, அவ்வளவே.

தம் பெற்றோருக்காகவும் தம்பிக்காகவும் தமக்காகவும் வேண்டி, ஜாகுச்சூ இவற்றை ஷோகொகு-ஜி கோயிலுக்குக் காணிக்கையாக்கினார். வறுமையில் வாடிய அக்கோயில் 1889-இல் அவற்றை அரண்மனைக்கு அளித்து 10,000 யென் பெற்று, தன் நிலத்தைக் காத்துக்கொண்டது. 2021-இல் அவை தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி சுருட்டி இருட்டில் வைக்கப்பட்டதால்தான், 250 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கொண்டைகளின் சிவப்பு நேற்றுத் தீட்டியதுபோல் இருக்கிறது.