துணை நடிகர் என்றால் யாருக்குத் துணை?

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளி

மாலையில் 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளின் பட்டியல் வந்தது. சிறந்த நடிகர் விருது ஷாருக் கானுக்கும் விக்ராந்த் மாஸிக்கும் சேர்த்து. முப்பது வருஷத்துக்கு மேல் நடித்த ஷாருக்குக்கு இதுதான் முதல் தேசிய விருதாம்! சரி, நான் தேடியது வேறு. ‘பார்க்கிங்’ சிறந்த தமிழ்ப் படம். திரைக்கதைக்கு அதே படத்தின் ராம்குமார் பாலகிருஷ்ணன், துணை நடிகராக எம்.எஸ். பாஸ்கர். ‘வாத்தி’ பாடல்களுக்காக ஜி.வி. பிரகாஷ்.

பாஸ்கர் விருதை அம்மாவிடம் சொன்னேன். “நம்ம பட்டாபியா?” என்றாள். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ சீரியல் முடிந்து எத்தனை காலமானாலும் அவளுக்கு அவர் பட்டாபிதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

‘பார்க்கிங்’ மறுபடி பார்த்தேன். மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், நடுவில் ஒரே ஒரு கார் நிற்கும் இடம். அதற்காக ஹரிஷ் கல்யாணும் பாஸ்கரும் மனுஷத்தனத்தையே கழற்றி வைத்துவிடுகிறார்கள். இதில் யார் யாருக்குத் துணை? பாஸ்கரை எடுத்துவிட்டால் சண்டையே இல்லை, படமும் இல்லை. அவரோடு விருதைப் பகிர்ந்துகொள்ளும் மலையாள நடிகர் விஜயராகவன் ‘பூக்காலம்’ படத்தில் நூறு வயதுக் கிழவர். அந்தக் கதையே அவர் தலையில்தான் நிற்கிறது. வயதானால் துணை என்று கணக்கோ என்னவோ.

ஆகஸ்ட் 9, சனி

ஊர்வசியும் இதையே கேட்டிருக்கிறார். ‘உள்ளொழுக்கு’ என்ற மலையாளப் படத்துக்காக அவருக்கும் துணை நடிகை விருதுதான். எந்த அளவுகோலை வைத்துப் பிரித்தார்கள் என்று நேராகக் கேட்டுவிட்டார். சபாஷ். விருதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வதுதானே வழக்கம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

டெல்லி விக்யான் பவனில் விழா. 2023 டிசம்பரில் வந்த ‘பார்க்கிங்’ படத்துக்கு இப்போதுதான் பதக்கம். ஆறிய காபிதான், இருந்தாலும் காபி.

குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வழங்கினார். மராத்திப் படம் ‘நாள் 2’-இல் நடித்த குட்டிப்பெண் புடவை கட்டி வந்தாள், அரங்கமே கைதட்டியது. தாதாசாகேப் பால்கே விருது மோகன்லாலுக்கு. அவர் பேசினார்.

பாஸ்கர் வந்தார், ரஜத கமலம் என்ற வெள்ளித் தாமரைப் பதக்கத்தை வாங்கினார், போய்விட்டார். அவ்வளவுதான். டப்பிங்கில் இருந்து வந்தவர் அவர்.

“ஊருக்கெல்லாம் குரல் குடுத்த மனுஷன். ஒரு வார்த்தை பேச விட்டாங்களா பாரு” என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.