சடை

"அம்மா, இழுக்காதம்மா, வலிக்குது."

காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக் குப்பையில் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆஸ்திரேலியாவின் பில்பாராவில், ஜூக்கன் பள்ளத்தாக்கின் பாறைக் குகையில் 2014-ல் ஒரு பின்னல் கிடைத்தது. மனித முடி. பல பேருடைய முடியைச் சேர்த்துப் பின்னிய இடைக்கச்சின் துண்டு.

வயது 4,000 ஆண்டு.

மரபணுவைச் சோதித்துப் பார்த்தால், இன்றும் அந்த மண்ணுக்கு உரியவர்களான புட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்களின் மூதாதையர் முடி! (எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே யார் பெயரும் தெரியாது.)

யார் யார் தலைமுடியோ. அக்கா, அத்தை, பாட்டி... வலிக்குது என்று அங்கேயும் ஒரு பிள்ளை சிணுங்கியிருக்கும்.

46,000 ஆண்டுகளாக மனிதர் வந்துபோன இடம். இரும்புத்தாதுக்காக ரியோ டின்டோ நிறுவனம் 2020 மே 24 அன்று வெடி வைத்துத் தகர்த்தது.

சட்டப்படிதான்! அதுதான் இன்னும் உறுத்துகிறது. 2013-லேயே அரசு அனுமதி கொடுத்தாயிற்று, 1972-ஆம் வருடப் பழங்குடிப் பாரம்பரியச் சட்டத்தின்கீழ். பின்னல் கிடைத்ததோ அடுத்த வருடம். கிடைத்ததைக் காட்டி அனுமதியை மறுபரிசீலனை செய்ய அந்தச் சட்டத்தில் அன்று வழியில்லாமல் இருந்தது. சுரங்க நிறுவனம் மேல்முறையீடு செய்ய முடிந்தது, அந்த மண்ணின் மக்களால் முடியவில்லை.

பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. தலைமை நிர்வாகி உட்பட 3 பேர் பதவி இழந்தார்கள்.

"அம்மா, ரிப்பன் கட்டலையே!"

முடிச்சுருள் இன்னும் என் கையில்தான் இருந்தது.